கொப்பி அண்ணையும் கனவு காணும் டிஸ்க்கும்

முல்லைத்தீவில் கணினி திருத்துகிறவர்கள் பலர். ஆனால் கணினியை நித்திரையால் எழுப்பாமல் திருத்துகிறவர் உலகத்திலேயே கொப்பி அண்ணை ஒருவர்தான். எந்த டிஸ்க்கைக் கொடுத்தாலும், முதலில் அதை அப்படியே முழுசாக ஒரே கோப்பாகக் கொப்பி எடுத்துவிடுவார். பிறகு அசலைத் தொடவே மாட்டார். கொப்பி ஓடும்போது கடைக்குள் யாரும் இருமக்கூடாது. ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்த்து வழிந்தபடி, கடைக்கு எதிரே கிடக்கிற களப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே நித்திரை கொள்வார்.

ஒருநாள், நான் படம் பிடிக்கிற ஸ்டூடியோவின் டிஸ்க் வேலை செய்யாமல் படுத்துவிட்டது. அதற்குள் நாயாற்றூர் ஜெனியின் கல்யாணப் படங்கள். மாப்பிள்ளை வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். ஜெனியின் விசாவுக்கு, கல்யாணம் உண்மைதானா என்று பார்க்கக் கல்யாணப் படங்கள் கேட்டிருந்தார்கள். செய்தி கேட்டதும் அவள் பஸ் ஏறி, கொப்பி அண்ணையின் கடைக்கே வந்துவிட்டாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"படம் வருமோ அண்ணை?"

"மெல்லக் கதையுங்கோ தங்கச்சி. டிஸ்க் கனவு காணுது. எழுப்பினால் எல்லாம் மறந்துபோகும்."

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் களப்பைப் பார்த்தேன்.

பின்னேரம் கொப்பி முடிந்தது. அந்தக் கோப்பை ஒரு டிஸ்க் மாதிரித் திறக்க, மவுண்ட் பண்ணிப் பார்த்தார். முடியாது என்றது திரை. ஜெனி மறுபடி விசும்பத் தொடங்கினாள். இது முழு டிஸ்க்கின் கொப்பி, உள்ளே பார்ட்டிஷன் என்று இரண்டு பிரிவு இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொன்னால்தான் திறக்கும் என்று கொப்பி அண்ணை சுவரைப் பார்த்து விளக்கினார். மனிதர்களின் முகம் பார்த்துக் கதைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

முதல் பார்ட்டிஷனில் விண்டோஸ் மட்டும் இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். திரை முழுவதும் மாதா கோயில் வெளிச்சம். நடுவில் வெள்ளைச் சேலையில் ஜெனி. அவள் திரையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள்.

அடுத்தடுத்த படங்களுக்குள் விருந்து வந்தது. ஒரு மூலைக் கதிரையில், மடியில் ஐஸ்கிரீம் உருகி ஓட, வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் கொப்பி அண்ணை.

அவர் அவசரமாக அதை அழிக்கப் பார்த்தார். அழியவில்லை. ஒன்றும் கெட்டுப்போகக் கூடாதென்று, பார்க்க மட்டும் முடிகிற மாதிரித்தான் மவுண்ட் பண்ணியிருந்தார்.

"விடுங்கோ அண்ணை," என்றாள் ஜெனி. "இதையும் சேர்த்து அனுப்புறன். உண்மையான கல்யாணம் எண்டு நம்புவினம்."

விசா கிடைத்து அவள் போய்விட்டாள்.

இப்போது டிஸ்க்கைக் கொப்பி எடுத்துத் திறக்கிற அந்த வேலை எனக்கே தெரியும். இருந்தும் டிஸ்க் ஏதும் படுத்தால் கொப்பி அண்ணையிடம்தான் கொண்டுபோகிறேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.