வேகவைத்த அழுக்கு

என் மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது அவளுக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்தவன் நான். அந்தப் பழியை என் அக்கா மேல் போட்டவனும் நானே. முதலாவதை அறியாமல் செய்தேன். இரண்டாவதை நன்றாக யோசித்து, சாட்சிகளை எதிரில் வைத்துக்கொண்டு செய்தேன்.

அப்போது துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன் (இப்போதும் அங்கேதான், வேறு யார் என்னை எடுப்பார்கள்?). பற்றவைத்த குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதாவது, அடுத்தவர் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். எட்டு மணி நேரம் அதையே செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது.

என் மனைவி பிரியாவுக்கு வங்கியில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து அவள் திரும்பிப் போக வேண்டிய நாள் வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அரியமங்கலத்திலிருந்து அக்கா வருவதாக ஏற்பாடு. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அங்கே சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அக்கா அங்கே சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு எட்டரைக்கு வந்துவிடுவாள். ஒரு நாளும் தாமதமானதில்லை. உனக்கு இது கஷ்டமாக இல்லையா என்று ஒரு நாளும் நான் கேட்டதும் இல்லை.

பாலுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது அக்காதான் முதலில் சொன்னாள்.

"பாலாடையில குடுத்துக்கலாம்டா தம்பி. சின்னக் கிண்ணி மாதிரிதானே, கழுவுறதும் சுலபம்."

"அக்கா, உலகம் எங்கேயோ போயிருச்சு" என்றேன்.

உலகம் போன இடத்தை ஒரு வாரம் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். குழந்தையின் வயிற்றுக்குள் காற்று போகாமல் இருக்க, அடிப்பக்கத்தில் வால்வு வைத்த பாட்டில். மூன்று வாங்கினேன். பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. பாட்டிலைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படமும் அதில் இருந்தது. குழாய்களுக்கே சான்றிதழ் கொடுக்கிற எனக்குப் பால் பாட்டிலுக்குப் படமா? தாள் குப்பைக்குப் போனது.

பாட்டில் சுத்தம் முழுக்க என் பொறுப்பு என்று அறிவித்தேன். காலையிலும் மாலையிலும் இந்தச் சடங்கு நடக்கும். நாள் முழுக்கக் குடித்துவிட்டுப் போட்ட பாட்டில்களைச் சாயங்காலம் வந்து குழாயடியில் இரண்டு அலசு அலசுவேன். சோப்பு கிடையாது, ஏனென்றால் சோப்பு ரசாயனம். பிரஷ் வாங்கியிருந்தேன், உறையைப் பிரிக்கவில்லை. பிறகு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பாட்டில்களை உள்ளே போட்டு, போனில் பத்து நிமிடம் அலாரம் வைத்து, சமையலறைச் சுவரெல்லாம் வியர்க்கும்வரை கொதிக்கவிடுவேன். அந்த நேரத்தில் யாரும் உள்ளே வரக்கூடாது. (பிரியா ஒரு தடவை காபி போட வந்தாள். மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். அன்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு அவள் ஆபீஸ் போனாள்.)

அக்காவுக்குத் தனிச் சட்டம். வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முப்பதுவரை எண்ண வேண்டும். முதல் வாரம் நானே பக்கத்தில் நின்று எண்ணினேன். அக்கா சிரித்துக்கொண்டே கழுவினாள். அவளுக்கு நான் ஒன்பது வயது இளையவன். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிய கையை நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வாரம் அக்கா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"தம்பி, அந்த பாட்டிலோட அடி மூடி கழலுற மாதிரி இருக்குடா. மோந்து பாத்தேன், பால் புளிச்ச வாடை அடிக்குது."

"அக்கா, நீ பாட்டிலை மோந்து பாக்குற வேலையெல்லாம் வச்சுக்காத. அது கம்பெனிலேருந்தே அப்படித்தான் வருது."

அதற்குப் பிறகு அவள் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, என் மகள் யாழினிக்கு வயிறு போக ஆரம்பித்தது. வியாழக்கிழமை குடித்ததெல்லாம் வாந்தி. சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக மாமா பைக்கில் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். பிரியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"அக்கா, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காத" என்றேன். (தப்பானதைக் கேட்கப் போகிறவன்தான் இப்படி ஆரம்பிப்பான்.) "காலைல பட்டறைல எதையாவது தொட்டியா?"

"தொடாம? இரும்புத் தூளைக் கூட்டி அள்ளிப் போட்டுட்டு, குளிச்சிட்டுத்தானேடா வரேன்."

"அந்தத் தூள்ல இருக்குற எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகாதுக்கா. பாட்டிலை நான் பத்து நிமிஷம் கொதிக்க வைக்கிறேன். அதுல கிருமி வர வழியே இல்ல. இந்த வீட்டுக்குள்ள தினமும் வெளியிலேருந்து வர்றது ஒண்ணே ஒண்ணுதான்…"

வாக்கியத்தை வாயால் முடிக்கவில்லை. அக்காவின் கையைப் பார்த்து முடித்தேன்.

"என்னங்க பேசறீங்க?" என்றாள் பிரியா.

மாமா எழுந்து அக்காவிடம், "போலாமா?" என்றார்.

அக்கா சமையலறைக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினாள். போவதற்கு முன் தினமும் குழந்தையை வாங்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று கையை முன்னால் நீட்டியபடியே வந்தவள், நடுவழியில் நின்றுவிட்டாள். "வரேன் தங்கம்" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் திருப்தியாக இருந்தது. விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு அக்கா வந்துவிட்டாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குழந்தை துவண்டு கிடந்தது, உதடு காய்ந்திருந்தது. தில்லை நகரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயதானவர், அதிகம் பேசாதவர். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"எதுல பால் குடுக்குறீங்க?"

இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி என் கொதிக்கவைக்கும் முறையை எடுத்துச் சொன்னேன். எவர்சில்வர், பத்து நிமிடம், அலாரம், எதையும் விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பாத்துக்கிறவங்க கை சுத்தமா இல்லைன்னாலும் வரும்ல சார்?" என்றேன். அறை சின்னது. அக்கா எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றாள்.

"பாட்டில் இருக்கா?" என்றார் டாக்டர்.

பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். அடி மூடியை ஒரு திருகு திருகினார். கழன்றது. (கழன்றது!) உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் தகடு. அதை நகத்தால் நெம்பி எடுத்து மேஜைமேல் பஞ்சில் வைத்தார். தகட்டின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம், நடுநடுவே கறுப்புப் புள்ளி. புளித்துக் கெட்ட வாடை அந்தச் சின்ன அறையில் எல்லார் மூக்குக்கும் எட்டியது. நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள்.

"இது என்ன?" என்றார்.

"வால்வு சார்."

"பேர் தெரியுது. கழலும்னு தெரியாதா?"

கழன்ற அடி மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சோப்புப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்ச்சீங்களா?"

"கொதிக்க வச்சேன் சார்…"

"பால் படிஞ்சு கிடந்தா அதுக்கு அடியில சூடு சரியாப் போகாதுங்க. அழுக்கை வேகவச்சாலும் அது வெந்த அழுக்குதான். குடிச்ச உடனே ஒவ்வொரு பாகத்தையும் கழட்டி, சோப்புத் தண்ணில தேய்ச்சு, நல்லா அலசி, அப்புறம் எல்லாம் முங்குற மாதிரி கொதிக்க வைக்கணும். முதல்ல கழுவுறது, அப்புறம்தான் மத்தது. இதெல்லாம் முடியலைன்னா பாலாடைல குடுங்க, அதான் நல்லது." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "கையைக் காட்டுங்கம்மா."

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். சோப்பில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நான் அதை அப்போதுதான் பார்த்தேன்.

"இந்தக் கைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

அன்று பகல் முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்க வேண்டும். பிரியா கொடுத்தால் யாழினி துப்பினாள், நான் கொடுத்தால் அழுதாள். அக்கா மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாக, நாலு மணி நேரம், அசையாமல் உட்கார்ந்து கொடுத்தாள். சாயங்காலம் குழந்தை ஒன்றுக்குப் போனது. உடம்பில் நீர் ஏறிவிட்டது என்று நர்ஸ் சிரித்தாள், பிரியா அழுதாள். நான் மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, எதுவும் வாங்காமல் தெருமுனைவரை போய்த் திரும்பினேன்.

அக்கா இன்னும் ஒன்பது நாள் வந்தாள். குழந்தை பழையபடி தவழ ஆரம்பித்ததும், "பட்டறைல மாமாவுக்கு ஆள் இல்லடா" என்று சொல்லி நின்றுவிட்டாள். யாழினி குழந்தைகள் காப்பகத்துக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்க அரியமங்கலம் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. அக்கா முன்னால் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அக்கா, அந்த டாக்டர் சொன்னதும் ஒரு வகையில சரிதான்."

ஒரு வகையில்! தரக்கட்டுப்பாட்டுக்காரன் புத்தி.

"சரிடா, சாப்டுட்டுப் போ" என்றாள் அக்கா. மாமா பட்டறையிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் வால்வைக் கொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்து, "தம்பி, இது கழலுமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நமக்கெல்லாம் படிப்பு பத்தாது" என்றார்.

அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. கல்யாணப் பந்தியில் நான் பாயச டம்ளரை எடுத்தால், "அடியில கழட்டிப் பாத்தீங்களா?" என்று எதிர் வரிசையிலிருந்து மாமா குரல் வரும். புதுமனைப் புகுவிழாவில், வளைகாப்பில், எங்கே போனாலும் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. என் எவர்சில்வர் பாத்திரத்தையும் அலாரத்தையும் அவளே நடித்துக் காட்டுகிறாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துப் பழகிவிட்டது.

அக்காவுக்கு மட்டும் இந்தக் கதை பிடிக்காது. யாராவது ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு, "விடுங்க, பிள்ளைக்கு முடியலைன்னா யாருக்குத்தான் புத்தி நிதானத்துல இருக்கும்" என்பாள். எனக்காக.

அப்போது என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.