மணப்பெண்ணின் கொண்டையில் இறங்கிய பட்டம்

மாங்காய் தின்றதற்காக ஒரு புகைப்படத்திடம் மன்னிப்புக் கேட்டவள் நான். வெள்ளவத்தைக் கடற்கரையில், தள்ளுவண்டிக்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தந்த மாங்காய். ருசியாக இருந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், சுவரில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்த என் கணவர் சுதனின் முன்னால் போய் நின்று, "சும்மா ஒரு துண்டுதான்" என்றேன். (பொய். முழுப் பையையும் தின்றிருந்தேன்.)

சுதன் திடீரென்று போய் அரை வருடத்துக்கு மேலாகியிருந்த நேரம் அது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவதே என் வேலையாக இருந்தது. ஒருநாள் ஐந்து வயது மகள் மிதுஷா கதவைத் தட்டி, "அம்மா, தண்ணி முடிஞ்சுபோகும், வெளியில வந்து அழுங்கோ" என்றாள். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்: தினமும் ஒரு சின்னச் சந்தோசமாவது இவளுக்கும் எனக்கும் இருந்தே ஆகவேண்டும். பரீட்சைக்குப் படிப்பவள்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோசப்படத் தொடங்கினேன். மாங்காய் அதில் ஒன்று.

பட்டம்தான் பெரியது. சுதன் மகளுக்கு வாங்கி வந்து, "வாற ஞாயிறு ஏத்துவம்" என்று சொல்லிச் சொல்லியே அலுமாரிக்கு மேல் விட்டுவிட்டுப் போன பட்டம். மிதுஷா அதைக் கேட்பதைக்கூட நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவோடு விளையாட்டெல்லாம் முடிந்துவிட்டது என்று இவள் நினைத்துவிடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பட்டத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடலோரப் புல்வெளியான காலிமுகத்திடலுக்குப் பஸ் ஏறினேன்.

எனக்குப் பட்டம் ஏற்றத் தெரியாது. (அப்போது அது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றியது.) நான் ஓடினேன், பட்டம் நாய்க்குட்டிபோலப் பின்னால் புல்லில் இழுபட்டு வந்தது. திடீரென்று ஒரு காற்று வந்து பிடித்தது. "ஏறுது அம்மா, ஏறுது!" என்று மிதுஷா துள்ளினாள். ஏறியதுதான். மேலே போய், வளைந்து, தலைகுப்புற இறங்கி, கடலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மணப்பெண்ணின் கொண்டையில் குத்திக்கொண்டது.

கூறைச்சேலை, புதுத் தாலி. காலையில்தான் கலியாணம் முடிந்திருக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்க் கழற்றிவிட்டிருப்பார்கள். நான் அப்படியே நின்றேன். கணவனை இழந்தவள் மணப்பெண்ணின் முன்னால் போய் நிற்பதை எங்கள் ஆட்கள் விரும்புவதில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களையெல்லாம் நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன். ஏன் போகவில்லை என்று துளைத்த மிதுஷாவுக்கும் காரணத்தைச் சொல்லியிருந்தேன். நம்புகிறாயா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால்? ஆகவே படித்த மூளையைப் பாவித்து, தூரத்தில் நின்றபடியே நூலைச் சுண்டி இழுத்தேன்.

கொண்டை அசைந்தது.

"அக்கா, இழுக்காதேங்கோ! தலை வருது!" என்று மணப்பெண் கத்தினாள்.

மெதுவாக இழுத்தால் கழன்றுவிடும் என்று நினைத்தேன். கழன்றது. பட்டமல்ல, மல்லிகைச் சரத்தோடு பொய்முடி. மாப்பிள்ளை பாய்ந்து வந்து அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இஞ்ச வந்து கழட்டி விடும் பிள்ளை!" என்றார் மணப்பெண்ணின் தாய்.

"நான் வரேலாது அன்ரி."

"ஏன், காலுக்கு ஏலாதோ?"

அதற்குள் மிதுஷா முழுத் திடலுக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்கட அப்பா செத்துப்போனார். அதால அம்மா கலியாணப் பொம்பிளைக்குக் கிட்டப் போகமாட்டா!"

படம் எடுப்பவரின் கைகூடத் தாழ்ந்தது. தாயாரின் முகம் ஒரு கணம் மாறியதைக் கண்டேன். நூலை அறுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடலாமா என்று யோசித்தேன்.

"அப்ப நீங்கள் வரவேண்டாம் அக்கா, அங்கயே நில்லுங்கோ" என்றாள் மணப்பெண். "நான் வாறன்."

வந்தாள். தலையில் பட்டம், பின்னால் வால், அதற்கும் பின்னால் பொய்முடியைத் தாங்கியபடி மாப்பிள்ளை. என் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு, தாயிடம், "அம்மா, உங்களுக்குப் பயமெண்டா அங்கால திரும்பி நில்லுங்கோ" என்றாள்.

"விசர்க் கதை கதையாத" என்று தாயாரும் வந்து, கைப்பையிலிருந்து கொண்டையூசிகளை எடுத்து என் கையில் வைத்தார். "பிடி பிள்ளை. கெதியாக் குத்து, வெளிச்சம் போகுது."

நூலைப் பிரித்து, பட்டத்தைக் கழற்றி, பொய்முடியை வைத்து, மல்லிகையைச் சுற்றி ஊசி குத்தினேன். (கொஞ்சம் கோணல். அவளிடம் சொல்லவில்லை.)

"ஏனக்கா நீங்கள் பயப்பிடுறியள்? தலைமயிர் போனது எனக்கெல்லோ" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தோன்றாத சிரிப்பு. வயிறு நோகச் சிரித்தேன். அவளும் குலுங்கிச் சிரிக்க, குத்திய ஊசியெல்லாம் திரும்பக் கழன்றது. மிதுஷா என்னை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுதனின் தாய் எங்களோடுதான் இருக்கிறார். மாமியிடம் இதை மறைத்துவிட நினைத்தேன். மிதுஷா செருப்பைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மாமி கிழிந்த பட்டத்தை வாங்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவன்ட பட்டமெல்லோ! அவனும் இப்பிடித்தான், சொல்லாமக் கொள்ளாமக் கலியாண வீட்டில போய் முன்வரிசையில நிப்பான்."

மூன்று பேருமாக இருந்து கிழிசலை ஒட்டினோம். அடுத்த ஞாயிறு, மணப்பெண்கள் இல்லாத மூலையாகப் பார்த்து நின்று, விழ விழ ஏற்றினோம். கடைசியில் அது மேலே நின்றது. மிதுஷா நூலை எனக்குக்கூடத் தரவில்லை.

இப்போதும் வீட்டுக்குக் கலியாணக் காட் வந்தால், மாமி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் அறைக்குள் எட்டிக் கேட்பார்: "என்ன, இந்தமுறை நீ போறியோ, இல்லாட்டிப் பட்டத்தை அனுப்பிறியோ?"

நான்தான் போகிறேன். முன்வரிசைக்கே போகிறேன். (கைப்பையில் கொண்டையூசிகளும் இருக்கும். யாருடைய கொண்டை எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?)