ஓதம் ஏறிய சுவர்

விஜய்குமார் கொல்லைப்பக்கம் போனபோது, ஏணிமேல் நின்ற ஆள் சுவரில் பாதியை வெள்ளையடித்து முடித்திருந்தான்.

"ஐயோ, நிறுத்துப்பா! யார் சொல்லி அடிக்கிற?"

"நான்தான்" என்றபடி வந்தாள், முன்பகுதியில் குடியிருந்த வீட்டுக்காரி சீதாலக்ஷ்மி மாமி. "நேத்து ஓதத்தைப் போட்டோ போட்டோவா எடுத்துத் தள்ளினியே! ஊரெல்லாம் காட்டி என் மானத்தை வாங்கறதுக்குள்ள பூசிடலாம்னுதான்."

விஜய்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் வீடியோ கேம்களுக்குச் சுவர் செய்கிறவன். இடிந்த வீடு, பாசி படிந்த கூரை, துருப்பிடித்த கதவு எல்லாம் அவன் கைவேலை. விளையாடுகிறவன் சுட்டுக்கொண்டே ஓடுவானே தவிர, சுவரை ஏறிட்டும் பார்க்க மாட்டான். மைசூரில் அவன் இருந்த கம்பெனிக்கு இந்த மாதக் கடைசியில் மூடுவிழா. பெங்களூர்க் கம்பெனி ஒன்று தேர்வு வைத்திருந்தது. பல வருடம் ஆட்கள் வாழ்ந்து சீரழிந்த ஒரு வீட்டை நான்கு நாளில் கணினியில் கட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் படமெடுத்து ஒட்ட இந்தச் சுவரை விட்டால் அவனுக்கு வேறு கதியில்லை. மேகமூட்டமான வெளிச்சத்தில்தான் படம் சரியாக வரும். நேற்றுப் பாதி எடுப்பதற்குள் வெயில் வந்துவிட்டது.

"மாமி, இது கேமுக்குங்க. இந்தச் சுவத்துக்கு முன்னால ஒரு சண்டை நடக்கும், அவ்வளவுதான்."

"என் ஆத்துல வந்து சுட்டுப்பாளா? பேடப்பா, பேட! வேண்டவே வேண்டாம்!" என்று கன்னடம் கலந்து பதறிய மாமி, ஏணிக்காரனிடம், "உள்பக்கமும் சேர்த்து அடிச்சுடு" என்றாள்.

மிச்சமிருந்த அழுக்கும் போய்விடுமே என்ற பயத்தில் விஜய்குமார் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டான்.

"இது பாரம்பரியக் கட்டடம் மாமி. அதிகாரிங்க வந்து பாத்தா வம்பு. சுண்ணாம்பு அடிக்கக்கூடாது, ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக்கூடாது."

மாமியின் முகம் வெளிறியது. "எப்போ வருவா?"

"அடுத்த வாரமே வரலாமுங்க."

வெள்ளையடிப்பு அந்த நிமிஷமே நின்றது. மாமி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்லவேளையாகப் பூசியது, ஏற்கெனவே படமெடுத்த பாதி. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெம்பாக ஆபீசுக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை மேகம் இருந்தது. ஜே.சி.பி.யும் இருந்தது.

"என்ன மாமி இது?"

"அபார்ட்மென்ட் கட்டறவனுக்குக் கொடுத்து நாலு மாசமாறது. உங்களைக் கிளப்ப மனசில்லாம தை வரைக்கும் இருக்கட்டும்னேன். நீதானே ஆபீசர் வருவான்னே! அவா வந்து முத்திரை குத்திட்டா என் கதி என்ன? உங்க போர்ஷனைத்தான் மொதல்ல இடிக்கறா."

"சத்தியமா நேத்து சொன்னது பொய்யுங்க மாமி!"

"இப்போ சொல்றதுதான் பொய்" என்றாள் மாமி.

விஜய்குமாரின் மனைவி மோகனப்ரியா, தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. ஒற்றை ஆளாகச் சாமான்களைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, படம் அப்பறம் புடிக்கலாமுங்க. மொதல்ல இந்தக் கட்டிலை ஒரு கை புடிங்க!"

அவன் காதில் விழுந்தது. ஆனாலும் கை கேமராவை விடவில்லை. பாதி விழுந்த சுவர், கூரையற்ற சமையலறை, அலமாரியில் அவள் மூன்று வருடமாகச் சிந்திய மஞ்சள்கறை. வெளிச்சமும் அவன் கேட்டபடி வாய்த்தது. தன்மேலேயே வெறுப்பு வந்தது. எடுத்துக்கொண்டே இருந்தான்.

பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு நாளில் வீட்டைக் கட்டி முடித்தான். கற்பனைக்கு வேலையே இல்லை. மஞ்சள்கறையை ஒட்டும்போது மட்டும் மனைவிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து போன் வந்தது. பேசியவள் கம்பெனியில் ஆள் சேர்க்கும் ஹம்ஸா, தமிழ்ப் பெண்.

"வாழ்த்துகள் சார், வேலை உங்களுக்குத்தான்! அந்த வீட்டைப் பாத்து எல்லாரும் அசந்துட்டாங்க."

விஜய்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்க வந்து சேரணுங்க? நாளைக்கே பஸ் ஏறிடறோம். மூட்டையெல்லாம் கட்டித்தான் இருக்குது."

"நீங்க எங்கேயுமே வர வேண்டாம் சார். வேலை மொத்தமும் வீட்டிலிருந்தேதான். கம்ப்யூட்டர் அனுப்பணும், உங்க வீட்டு அட்ரஸை மட்டும் சொல்லுங்க."