தராசுக் கொக்கியில் கோல்ஃப்

“இறங்கு ஜலீலு! அந்த உத்திரம் தாங்காது!”

ஏணி உச்சியில் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் அப்துல் ஜலீல் குனிந்து பார்த்தார். கீழே கோவிந்தராசு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒங்கப்பா காலத்துல நெல்லு மூட்டை நிறுத்த தராசுக் கொக்கி இது. இந்தக் கேமரா நாலு கிலோ. கொக்கிக்கே அவமானம்!”

கோவிந்தராசுவுக்கு வியர்த்தது.

நேற்றுத்தான் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்குப் பரிசாக மெல்போர்னிலிருந்து வந்திறங்கிய பெட்டி இது. வீட்டுக்குள்ளேயே கோல்ஃப் ஆடலாமாம். எதிரே திரையில் மைதானம் தெரியும். பந்தை அடித்தால், தலைக்கு மேல் தொங்கும் கேமரா அது எங்கே போய் விழும் என்று திரையில் காட்டிவிடும். அங்கே மேனேஜராக இருக்கும் மகன் பரணிதரனின் கோல்ஃப் கிளப் நண்பர்கள் சேர்ந்து அனுப்பியது.

உயரமான இடம் நெல் குடோன்தான் என்று மருமகள் மேகலா பெட்டியை அங்கே இறக்கச் சொல்லிவிட்டாள். அப்பாவும் பிள்ளையும் ஆடுவதைப் பார்க்க, சாயங்காலத்துக்குத் தெருவையே கூப்பிட்டுவிட்டாள் மனைவி ஈஸ்வரி.

சிக்கல் ஒன்றுதான். கோவிந்தராசுவுக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது.

மலேசியாவில் இருபத்திரண்டு வருஷம் கோல்ஃப் மைதானத்தில் இருந்தது உண்மை. அங்கே புல் வெட்டினார். ஈஸ்வரிக்கு எழுதிய முதல் கடிதத்தில், ‘ஞாயிற்றுக்கிழமை முதலாளியோடு கோல்ஃப்’ என்று ஒரு வரி சேர்த்தார். அடுத்த கடிதத்தில் முதலாளியை ஜெயித்தார். இரவல் மட்டையோடு எடுத்த போட்டோ இன்னும் கூடத்தில் தொங்குகிறது.

பனி உலராத விடியலில் புல் வெட்டும் வண்டியை ஓட்டினால், பின்னால் வெளிர்பச்சை, கரும்பச்சை என்று பட்டை பட்டையாகப் புல் சாய்ந்துகொண்டே வரும். கண்ணை மூடினால் கதிர் அறுத்த வயல் வாசனை. இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்குப் பிடித்ததே அந்த ஒரு மணி நேரம்தான். அதை மட்டும் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

“கேமரா பத்தடியில நிக்கணும்கிறான் கம்பெனிக்காரன். உத்திரம் பதினெட்டடி. எட்டடிக் குழாய் விட்டா ஊஞ்சலா ஆடும் ஜலீலு.”

“அப்பா சொல்றது சரிதான்” என்றான் பரணி சட்டென்று. “விட்டுடலாம் மாமா.”

பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

“பந்தல் போடுறாப்ல நாலு மூலைக்கும் கம்பி இழுத்துக் கட்டிட்டா அசையாது தம்பி.”

கோவிந்தராசு யோசித்தார். “சரி, குழாயை நானே அறுத்துத் தர்றேன்.”

எட்டடிக் குழாயை ஆறடியாக அறுத்தார். மாட்டிப் பார்த்தால் கேமரா பன்னிரண்டடியில் நின்றது.

“அடடா, அளவு தப்பிடுச்சே!” முகத்தைக் கஷ்டப்பட்டு வாடவைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடையும் இருக்காதுப்பா” என்றான் பரணி.

ஜலீல் குடோனைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் குறுவை நெல் அடுக்கடுக்காக இருந்தது.

“கேமரா எறங்கலன்னா என்னண்ணே? தரையை ஏத்திடுவோம்!”

கோவிந்தராசு வாயைத் திறப்பதற்குள் முதல் மூட்டை விழுந்தது. பரணியும் வேண்டாவெறுப்பாகத் தோள் கொடுத்தான்.

“ஏசி ரூம்ல உக்கார்ற ஆளு மாதிரியே இல்லியே தம்பி! மூட்டை பூவா பறக்குது!”

அரை மணி நேரத்தில் இரண்டடி மேடை எழும்பிவிட்டது. மூட்டைமேல் பலகை, பலகைமேல் பச்சைப் புல்விரிப்பு.

“மூட்டை அமுங்கிடும். ஆள் ஏறினா சாஞ்சிடும்” என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார் கோவிந்தராசு.

“ஏறிக் குதிச்சுப் பாருங்க.”

குதித்தார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். மேடை அசையவில்லை.

ஜலீல் சுவிட்சைத் தட்டினார். திரையில் பச்சைப் பசேலென்று மைதானம் விரிந்தது. கோவிந்தராசு ஒரு கணம் பயத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரி மேகலாவோடு வந்து நின்றாள். “எல்லாரும் வர்றதுக்குள்ள ஒரு தடவ அடிச்சுப் பாத்துடுங்க.”

“பரணி, நீ மொதல்ல அடி.”

“நீங்க பெரியவங்க. நீங்க அடிங்கப்பா.”

“ஒன் சிநேகிதங்கதானடா அனுப்புனாங்க?”

“ஒங்க அறுபதுக்குத்தானேப்பா!”

“என்னங்க இது, பந்தியில எலை போட்ட மாதிரி ஒருத்தர ஒருத்தர் உபசாரம் பண்ணிக்கிட்டு!” என்று மட்டையைக் கணவர் கையில் திணித்தாள் ஈஸ்வரி.

கோவிந்தராசு மேடையேறினார். பழக்கம் விடவில்லை, குந்தி உட்கார்ந்து புல்லை உள்ளங்கையால் நீவிப் பார்த்தார். வெறும் நைலான். ஏனோ கண் கலங்கியது.

பக்கத்தில் பரணியும் குந்தினான். அதே மாதிரி உள்ளங்கையால் நீவினான்.

“விரிப்பு மாறிக் கெடக்குப்பா” என்றான் தன்னையறியாமல். “புல்லு அந்தப் பக்கம் சாயணும். இல்லன்னா பந்து தட்டும்.”

கோவிந்தராசு நிமிர்ந்து பார்த்தார். ஆடுகிறவன் பந்தைப் பார்ப்பான். புல்லின் சாய்வை யார் பார்ப்பார்கள்?

“ஒனக்கு எப்படிடா தெரியும்?”

பரணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கீழே காலிப் பெட்டியை மடித்துக்கொண்டிருந்த மேகலா, அடியில் ஒட்டிக்கிடந்த வாழ்த்து அட்டையைப் பிரித்தெடுத்தாள்.

“என்னம்மா எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு” என்றாள் ஈஸ்வரி.

மேகலா ஒருமுறை மனசுக்குள் படித்தாள். பிறகு மேடையில் குந்தியிருந்த இருவரையும் பார்த்தாள்.

“‘எட்டு வருஷமா எங்க மைதானத்துல புல்லு வெட்டுற பரணிக்கு... நீ ஓயாம பெருமையா சொல்லுவியே, அந்த கோல்ஃப் சாம்பியன் அப்பாவுக்கு எங்க பரிசு’ன்னு போட்டிருக்கு அத்தை.”