அஞ்சு மணிவரைக்கும் அம்பு ஓடக் கூடாது

அன்று மாலை ஐந்து மணி தாண்டும்வரை வீட்டு லேப்டாப் உருப்படியாக வேலை செய்யக் கூடாது என்று ஃபெயில் சார் முடிவெடுத்தார். வீரமான முடிவு. ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வீரம்.

ஃபெயில் சார் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவர்களை வண்டி ஓட்டச் சொல்லிப் பார்த்து மதிப்பெண் போடுவது அவர் உத்தியோகம். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் ஃபெயில். கண்ணாடியைப் பார்த்துத் தலைசீவினாலும் ஃபெயில். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பை அரை நொடியில் கண்டுபிடித்துவந்தார். தன்னுடைய தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் மனைவியிடம் விட்டிருந்தார்.

மனைவி நர்ஸ். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் உள்ளங்கை அளவு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கென்றே வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி இருந்தது. எட்டு வருஷமாக அதன்மேல் அவருக்கு ஒரு கண். இந்த வருஷம்தான் வாய்ப்பு கனிந்திருந்தது. விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். இன்று மாலை ஐந்து மணியோடு கதவு சாத்தப்படும்.

"போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே சொல்வது? மூன்று வாரம் முன்னால் மச்சினன் வீட்டு விருந்தில், பத்துப் பேர் நடுவில், நெஞ்சை நிமிர்த்தி அவர் பேசிவிட்டிருந்தார். "தாராளமா போகட்டும். வீட்டை நான் பார்த்துக்கிறேன். சமையல் என்ன பெரிய கம்பசூத்திரமா?" எல்லாரும் கை தட்டினார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகனை நினைத்து அந்த அம்மாள் முன்பும் கண்ணீர் விட்டதுண்டு. பெருமையோடு விட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் மனைவி தன் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போய்வந்தார். முதல் நாள் பால் பொங்கி அடுப்பு குளித்தது. இரண்டாம் நாள் ஃபெயில் சார் முட்டையை வேகப்போட்டுவிட்டு மறந்துபோனார். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, மஞ்சள் கரு மேற்கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலி. "உப்பு கம்மி" என்று குறை சொல்ல ஆளில்லை. சொன்னால் தன்னைத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஃப்ரிட்ஜிடம் பேசிப் பார்த்தார். அது "ம்ம்ம்" என்றது. மனைவியும் அவர் பேச்சுக்கு அதைத்தான் சொல்வார். ஆனால் அதில் ஒரு கதகதப்பு இருக்கும்.

இரண்டு நாளைக்கே இந்தப் பாடு. ஆறு மாதம் எப்படி?

ஆகவே அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் இரவு டூட்டி பார்த்த மனைவி படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் இருந்தது. ஃபெயில் சார் பூனைபோல வேலையை ஆரம்பித்தார். விரலால் தடவி அம்பை நகர்த்துகிற சதுரம் இருக்கிறதே, அந்த டச்பேடின்மேல் மனைவியின் கை க்ரீமில் ஒரு சொட்டு எடுத்து, பார்த்தால் தெரியாதபடி பூசினார். அம்பின் வேகத்தை உச்சத்துக்குத் தள்ளினார். மௌஸ் ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கி, அழுக்குக் கூடையில் கிடந்த தன் பேண்ட் பாக்கெட்டில் ஒளித்தார். எலிப்பொறி வைத்துப் பார்த்திருப்பீர்கள். எலிக்கே பொந்து தேடிக் கொடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மூன்று மணிக்கு மனைவி எழுந்து வந்தார். அழுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார், வந்தார். கையில் எழுதிய ஒரு தாளை மேஜையில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ஃபெயில் சார் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்தார்.

"என்னங்க, இந்த அம்பு ஏன் இப்படித் துள்ளுது?"

"துள்ளுதா?"

"இங்கே வான்னா அங்கே போகுது. அங்கே போன்னா காணாமலே போயிடுது. கடைக்கு அனுப்பினா நீங்க போற மாதிரி."

"வயசாயிடுச்சும்மா அதுக்கு. விட்டுடு. நாளைக்குப் பார்க்கலாம்."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

"அட, ஆமால்ல!" என்றார். அந்த 'அட'வில் நடிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

மனைவி பதறவில்லை. பெட்டிக்குள் மூச்சு நின்ற குழந்தையைப் பார்த்தே பதறாதவர். "முதல்ல சார்ஜர் வயரை உருவுங்க. சார்ஜ் ஏறும்போது சில லேப்டாப்புக்கு இப்படி நடுக்கம் வரும்னு எங்க வார்டுல சொல்லுவாங்க."

உருவினார். நடுக்கம் நிற்கவில்லை.

"சரி, ஒரு தடவை அணைச்சுப் பாருங்க."

மனைவி கண்ணில் படாமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் தேவலை என்றிருந்த ஃபெயில் சார், சட்டென்று லேப்டாப்பைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"கட்டிப்பிடிக்கச் சொல்லலைங்க. ஆஃப் பண்ணச் சொன்னேன்."

அணைத்து, மறுபடி போட்டார்கள். அம்பு தெம்போடு துள்ளியது. மனைவி பஞ்சை எடுத்து, லேசாக ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தையின் தொப்புளைத் துடைப்பதுபோல டச்பேடைத் துடைத்தார். பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார்.

"என் கை க்ரீம் வாசனை அடிக்குதே?"

"உன் கைதானே அதுல படுது?"

"நான் க்ரீம் போட்டு ஒரு வாரமாச்சு." பஞ்சைக் கீழே வைத்தார். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாங்க?"

ஃபெயில் சார் பஞ்சைப் பார்த்தார். பழமொழியா, குற்றப்பத்திரிகையா? "நகரு, நகரு, நான் பார்க்கிறேன்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிற பாவனையில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பத்து விரலாலும் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்கினார். எது எதைச் செய்ததோ, அம்பு திரை நடுவில் அப்படியே நின்றுவிட்டது. தடவினார். தட்டினார். ஊதினார். அசையவில்லை. பொய்யாக வரவழைத்த காய்ச்சல் நிஜ ஜன்னியில் முடிந்துவிட்டது.

"எத்தனை பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியலைன்னு திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்றார் மனைவி, கோபமே இல்லாமல். "சரி, பாருங்க. நான் போய்க் குளிச்சிட்டு வர்றேன்."

மணி நாலு. இன்னும் ஒரு மணி நேரம். அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ஜெயம். ஃபெயில் சார் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் அசைந்தது. அசைந்து, மேஜைமேல் இருந்த தாளில் போய் விழுந்தது. விண்ணப்பத்துக்காக மனைவி எழுதிவைத்த பதில்கள். வார்டைப் பற்றி, இயந்திரங்களைப் பற்றி, ஒரே வாரத்தில் கைநழுவிப்போன இரண்டு குழந்தைகளைப் பற்றி. "அன்று எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்." அந்த வாரம் ஃபெயில் சாருக்கு நினைவிருந்தது. சாப்பாடு ஏன் லேட் என்று அவர் முணுமுணுத்த வாரம்.

கடைசிக் கேள்வி: ஆறு மாதம் குடும்பத்தைப் பிரிந்திருக்க இயலுமா? கீழே குண்டு குண்டான எழுத்தில் பதில்: "இயலும். என் கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்."

ஃபெயில் சார் அந்த வரியை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் ஃபெயிலானார்.

துள்ளி எழுந்தார். மௌஸ்! மௌஸைச் சொருகினால் தீர்ந்தது. அழுக்குக் கூடைக்கு ஓடினார். கூடை காலி. பின்பக்கம் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வட்டக் கண்ணாடிக்குள் அவருடைய பேண்ட் கும்மாளம் போட்டது. அதைத் துரத்திக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு, நுரைக்குள் மௌஸ் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடியில் 'டொக்'கென்று முட்டி, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

மணி நாலு இருபது. கடைத்தெரு லேப்டாப் ரிப்பேர்காரருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு? லைசென்ஸ் ஆபீஸ் சாரா?" மறுமுனைக் குரலில் ஒரு பழைய காயம் தெரிந்தது. "என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதை அப்புறம் பேசலாங்க. டச்பேட் செத்துப்போச்சு. அஞ்சு மணிக்குள்ள உயிர் வரணும்."

"பதட்டப்படக் கூடாது. பதட்டப்படுறவனுக்கு வண்டி எதுக்குன்னு கேட்டீங்களே? நிமிர்ந்து உட்காருங்க. ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கணும். கீழ்வரிசையில இடது ஓரமா எஃப், என் ரெண்டு எழுத்தும் சேர்த்துப் போட்ட ஒரு பட்டன் தெரியுதா?"

"தெரியுது."

"மேல்வரிசையில ஒரு பட்டன்ல குட்டிச் சதுரம் வரைஞ்சு, குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கும். அதுதான் டச்பேடுக்குப் பூட்டு. தெரியாம அமுக்கியிருப்பீங்க. ரெண்டையும் சேர்த்து அமுக்குங்க."

அமுக்கினார். "ஒண்ணும் ஆகலையே!"

"சேர்த்துன்னு சொன்னேன். நீங்க ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை அமுக்குறீங்க, சத்தத்துலயே தெரியுது. கிளட்சை மிதிக்காம கியர் போடலாமா? ஃபெயில்! மறுபடி செய்யுங்க."

மறுபடி செய்தார். அம்பு அசைந்தது. ஃபெயில் சார் கண்ணில் நீர் முட்டியது. வேகத்தைப் பழையபடி குறைத்துவைத்தார். அம்பு பசுமாடு மாதிரி சொன்ன இடத்துக்குப் போய் நின்றது.

"இங்கே வா! சரியாயிடுச்சு!"

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மணி நாலு நாற்பது. உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் ஃபெயில் சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"தொடர்புக்கு ஒரு நம்பர் கேக்குது. யாரோடது கொடுக்க?"

"என்னோடதையே கொடு. இனிமே எல்லாத்துக்கும் நான்தானே இருக்கேன்."

சில நிமிஷம் தட்டும் சத்தம் மட்டும். அவர் திரும்பினார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த டச்பேட் தானா கெடலை..."

"மணி நாலு அம்பத்தேழு. அப்புறம் சொல்லுங்க. இந்தாங்க, கடைசிப் பட்டனை உங்க கையால அமுக்குங்க. நீங்க சம்மதிச்ச மாதிரி இருக்கும்."

ஃபெயில் சார் குனிந்தார். திரை கலங்கித் தெரிந்தது. தன்னைவிடப் பெரிய மனசுக்காரன் இந்தத் தெருவிலேயே இல்லை என்று தோன்றியது. விரலால் அம்பைப் பச்சைப் பட்டனுக்குக் கொண்டுபோய்த் தட்டினார். மனைவி அவர் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அவர் ஃபோன் கிணுகிணுத்தது. பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "வாழ்த்துகள்! தொடக்கநிலைச் சமையல் வகுப்பில் உங்களுக்கு இடம் உறுதியாகிவிட்டது. ஆறு மாதம். நாளை மாலை ஆறு மணிக்கு வரவும்."

"என்னம்மா இது? ஏதோ தப்பா வந்திருக்கு."

"சரியாத்தான் வந்திருக்கு. நம்பரை நீங்கதானே கொடுத்தீங்க."

"அப்போ உன் விண்ணப்பம்?"

"அதைக் காலையில டூட்டி முடிஞ்சதும் ஆஸ்பத்திரி ஆபீஸ்லயே அனுப்பிட்டேன். என்ன எழுதினேன்னு நீங்களும் படிச்சுப் பார்க்கணும்னுதான் தாளை வெச்சிருந்தேன்."

ஃபெயில் சார் நாற்காலியில் சரிந்தார். "அப்போ... உனக்கு எப்பத் தெரியும்?"

"நான் தூங்கவே இல்லைங்க. இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள நீங்க மெதுவா நடந்து நான் பார்த்ததில்லை. இன்னைக்குச் சத்தமே இல்லைன்னதும் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"அஞ்சு மணிவரைக்கும் டைம் கொடுத்துப் பார்த்தேன். பாஸாயிட்டீங்க." மனைவி கூரையை அண்ணாந்து பார்த்தார். "நீங்க கஷ்டப்படுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? கூரையில ஒட்டியிருந்த முட்டையை ஏணி போட்டுச் சுரண்டினது நான்தானே?"

"மௌஸைக்கூடத் தெரிஞ்சேதான் துவைச்சியா?"

"அது தெரியாது. பாக்கெட்ல கை விடக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டிருக்கீங்க."

அவர் ஃபோனில் வந்ததை மறுபடி படித்துப் பார்த்தார். பிறகு கடைசி முயற்சியாகக் கேட்டார். "இதை ரத்து பண்ண முடியாதா?"

"பட்டனுக்கு மேலேயே பெரிசா எழுதியிருந்துச்சே, சேர்ந்தா விலக முடியாதுன்னு. நீங்க படிக்கலையா?"

"எங்கே படிக்கிறது? கண்ணு கலங்கியிருந்துச்சு."

மனைவி லேப்டாப்பை மூடினார். "அதுவும் நல்லதுதாங்க. நாளைக்கு முதல் பாடமே வெங்காயம்தானாம்."