மெமரிக்கு வைத்த பொட்டு

என் அக்கா புருஷன், அதாவது என் அத்தான், ஒரு பொய்யர். எனக்கு வேலை கிடைத்ததே அவர் வைத்த பொட்டால்தான் என்று ஆரல்வாய்மொழி முதல் கருங்கல் வரை ஒரு சொந்தக்கார வீடு விடாமல் சொல்லி வைத்திருக்கிறார். நடந்ததை நான் எழுதுகிறேன். இதில் என் மடத்தனமும் வரும். வரட்டும்.

மூன்று வருடங்களுக்கு முன், திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி என்னைக் கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வீடியோவில் தேர்வு. ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு வர்ச்சுவல் மெஷின்களை (ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைப்பது மாதிரி) ஒன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும். என்னுடையதில் மெமரி நாலு ஜிபி. முதல் மெஷினைத் திறந்தால் மவுஸ் நொண்டும். இரண்டாவதைத் திறந்தால் எல்லாமே உறைந்துவிடும். இதற்குள் பல கம்பெனிகள் என்னைக் கழித்துவிட்டிருந்தன. அப்பா எனக்கென்று ஒரு புது மண்வெட்டிக்குக் கைப்பிடியே போட்டு வைத்துவிட்டார்.

பதினாறு ஜிபி மெமரி நாகர்கோவில் கடையில் கிடைக்கும். ஆனால் அத்தான் துபாயிலிருந்து வருகிற மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு டார்ச் லைட்கூட உள்ளூரில் வாங்கக்கூடாது. வாங்கினால் அவருக்கு அவமரியாதை. "அத்தான் கொண்டு வருவாருல்லா" என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள்.

தேர்வு பதினொரு மணிக்கு. அத்தான் வீடு வந்து சேர்ந்தது ஒன்பதரைக்கு. பெட்டியைப் பிரித்து, மெமரி வெளியே வர பத்தே கால். உடம்பிலிருக்கும் மின்சாரம் மெமரியைக் கெடுத்துவிடக் கூடாதென்று நான் இரும்பு பீரோவை மூன்று தடவை தொட்டுவிட்டுக் கையை நீட்டினேன். (படித்தவனல்லவா.) அத்தான் தரவில்லை.

"பொட்டு வைக்காம புதுசு எதையும் ஏத்தக்கூடாது மக்கா, கேட்டியா."

அக்கா சந்தனம் குழைத்தாள். அத்தான் விரலைத் தோய்த்து, மெமரியின் அடியில் தங்க நிறத்தில் கோடு கோடாக இருக்கும் இடத்தில் சரியாக வைத்தார். மின்சாரம் பாய்கிற இடமே அதுதான். மேலே குங்குமம் வேறு.

"பொன்னு மாதிரி மின்னுகுல்லா. அங்க வச்சாத்தான் ஐஸ்வர்யம்."

நாலு வருடம் பொறியியல் படித்த நான் என்ன செய்தேன்? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். துபாயிலிருந்து சுமந்து வந்தவரிடம் எப்படிச் சொல்வது? வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்து, காலியாக இருந்த இடத்தில் அழுத்தி மாட்டினேன். கம்ப்யூட்டர் மெமரி சரியில்லை என்று 'பீப் பீப்' என விடாமல் கூவியது. திரை கறுப்பு. கழற்றி ரப்பரால் தேய்த்தேன்; கூவியது. சென்ட்டில் ஸ்பிரிட்தானே இருக்கிறது என்று அத்தானின் துபாய் சென்ட்டைப் பீய்ச்சினேன். (இந்த யோசனை முழுக்க என்னுடையது.) அதன் பிறகு அது மணமாகக் கூவியது.

பத்து ஐம்பது. புதியதைப் பிடுங்கி எறிந்தேன். பழைய நாலு ஜிபியோடு உட்கார்ந்தேன். செத்தாலும் விடுவதில்லை. ஒரு மெஷினுக்கு ஒரு ஜிபி, இன்னொன்றுக்கு அரை ஜிபி. ஜன்னல், படம், அலங்காரம் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் கறுப்புத் திரையில் கட்டளைகளை மட்டும் தட்டினேன். இரண்டும் ஊர்ந்தன. ஆனால் நிற்கவில்லை.

தேர்வு நடத்திய அம்மையார் கேமராவில் என்னைப் பார்த்துவிட்டு, நெற்றியில் ரத்தமா என்று கேட்டார். வியர்வையைத் துடைத்த கையில் குங்குமம். உண்மையைச் சொன்னேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் குலுங்கினார். பிறகு, இவ்வளவு குறைந்த மெமரியில் ஓட்டியவன் நீ ஒருவன்தான் என்றார். வேலை கிடைத்தது. மண்வெட்டியை அப்பாவே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சு வேல வாங்கின பய" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள்.

வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். அத்தான் மைக்கைப் பிடிக்கத்தான் போகிறார். பிடிக்கட்டும். அங்கே, அத்தனை பேர் முன்னால், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கட்டும். அத்தான், போன மாதம் நீங்கள் வாங்கிய புதுப் போனுக்குப் பின்பக்கம் பொட்டு வைத்தீர்களே, சார்ஜ் போடுகிற ஓட்டையில் ஏன் வைக்கவில்லை?