மண்ணை மோந்து மனை சொன்னவர்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மூக்குக்கு அவ்வளவு கூட்டம்! மூக்கின் சொந்தக்காரர் மண்வாசனைச் சித்தர் தண்டபாணி. எந்த ஊரில் வீடு வாங்கலாம், எங்கே விலை ஏறும் என்று பிடி மண்ணை மோந்தே சொல்லிவிடுவார். வில்லங்கச் சான்று பார்ப்பதெல்லாம் மூக்கில்லாத மூடர்கள் வேலை. ஒரே ஒரு நிபந்தனை, பொட்டலத்தின்மேல் ஊர்ப் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஞான மூக்குக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் தேவைப்பட்டது!

பெரம்பூர் மண்ணில் பிண வாடை அடிக்குமாம். தண்டையார்பேட்டை மண்ணில் வழக்கு வாடை. எண்ணூருக்கு அப்பால் முள்ளடர்ந்து கிடக்கும் பொன்மணி நகரில் மட்டும் சந்தன வாசம். அங்கே மனை விற்பவர் சித்தரின் மச்சான் என்பது, பாவம், தற்செயல்.

பாஸ்கல் இந்த மூக்கை முழுசாக நம்பினார். துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்து வாங்கிய ஓய்வுப் பணத்தோடு, பொன்மணி நகருக்கு முன்பணம் கட்ட வந்திருந்தார். கூடவே மனைவி சிலுவையம்மாள், காசிமேட்டில் மீன் விற்பவள்.

"இன்னாய்யா, பெரம்பூர்ல ஒரு அடி வாங்கற துட்டுக்கு அங்க பத்து அடி தரான். ஏன் இம்மாம் சீப்பா கீதுன்னு கேட்டியா?"

"சித்தரு சொல்லிட்டாரு. ரெண்டே வருஷத்துல பெரம்பூரையே தூக்கி சாப்ட்ரும். கம்னு வா!"

அவள் கம்மென்று இரண்டு பொட்டலங்களை நீட்டினாள். பெரம்பூர் என்று எழுதியதைச் சித்தர் மோந்தார், முகம் சுளித்து வீசினார்.

"சீ, பிண வாடை! குடியேறினா குடும்பமே நாசம்!"

பொன்மணி நகர் என்று எழுதியதை மோந்ததும் கண் செருகியது.

"ஆகா, சந்தனம்! முன்பணத்தை எடு!"

பாஸ்கல் பையைத் திறந்தார். சிலுவையம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"இருய்யா. பேரை மாத்தி எழுதினது நானு. சந்தனம்னாரே, அது பெரம்பூர் மண்ணு. கடாசினாரே, அதான் இவரு மச்சான் மனை. நம்பலன்னா கிளறிப் பாருங்க, கிளிஞ்சல் கீது. பெரம்பூர்ல ஏது கிளிஞ்சல்? கடல்தண்ணி ஏறுற சேத்த விக்கிறானுங்கோ!"

கூட்டம் கிளறியது. கிளிஞ்சல் உதிர்ந்தது.

"இன்னிக்கு எனக்கு ஜலதோஷம்..." என்றபடி எழுந்த சித்தரை, ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் நகரவிடவில்லை. பாஸ்கல் பையை இறுக மூடினார். முப்பது வருஷம் சேற்றில் போக இருந்தது.

சிலுவையம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். "ஒரு சங்கரா மீன் வாங்க செவுளைத் தூக்கி நூறு கேள்வி கேக்கறீங்க. வூடு வாங்கசொல்ல மட்டும் மூளையக் கழட்டி அடுத்தவன் மூக்குல ஏன்யா மாட்றீங்க?"